இறங்காத பாதி

இன்று அந்தப் பாலத்தைத் தெரியாதவர் கிடையாது. தபால்தலையில் இருக்கிறது, காலண்டரில் இருக்கிறது, பிஸ்கட் டப்பா மூடியில்கூட இருக்கிறது. இந்தக் கரையில் காலை ஊன்றி எழும்பி, ஆற்றுக்கு மேலே வில்லாய் வளைந்து, அந்தக் கரையில் போய்க் குந்தும் அந்த இரும்பு வளைவை ஒரே ஆள் ஒரே மூச்சில் வரைந்த கோடு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள்.

அது இரண்டு கோடு. இரண்டும் நடு வானத்தில் ஒரு சாண் இடைவெளியில் முறைத்துக்கொண்டு நின்ற ஒரு காலை உண்டு. அதற்குக் காரணம் காற்று இல்லை, கணக்கும் இல்லை. ஒரு சமையலறை ஜன்னல்.

அந்த ஜன்னல் மேஸ்திரி வீட்டு ஜன்னல்.

மேஸ்திரி என்றால் இக்கரைப் பாதியின் மேஸ்திரி. வளைவை இரண்டு கரையிலிருந்தும் பாதிப் பாதியாகக் கட்டி வந்தார்கள். கீழே முட்டுக்கொடுக்க முடியாத ஆழம். அதனால் ஒவ்வொரு பாதியையும் பின்னாலிருந்து கேபிள்கள் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன, சண்டைக்குப் பாய்கிறவனைச் சட்டைக் காலரில் பிடித்து நிறுத்துகிற மாதிரி. கேபிள்களின் மறுமுனை கரையில் வெட்டிய ஆழமான குழிக்குள் பெரிய பெரிய நட்டுகளில் மாட்டியிருந்தது. நட்டைத் திருப்பினால் கேபிள் நீளும். கேபிள் நீண்டால் பாதி வளைவு தலையைத் தாழ்த்தும். இக்கரையில் அந்த நட்டுகளுக்கெல்லாம் அதிகாரி நம் மேஸ்திரி.

அக்கரை நட்டுகளுக்கு அதிகாரி அவருடைய சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவன். வயதில் எட்டு வருஷம் சின்னவன், முடியில் எட்டு மடங்கு பெரியவன். இதில் பெரிய கொடுமை என்னவென்றால், அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மேஸ்திரிதான்.

கம்பெனி கொடுத்த வீடு பாலத்தின் காலடியிலேயே இருந்தது. சமையலறை ஜன்னல் ஆற்றைப் பார்த்தது. மேஸ்திரி கட்டுகிற பாதி கூரைக்கு நேர் மேலே போனதால், உள்ளிருந்து பார்த்தால் துளிகூடத் தெரியாது. தெரிந்ததெல்லாம் சகலையின் பாதிதான். ஜன்னல் சட்டம் முழுக்க, சுவரில் மாட்டிய படம் போல.

"என்னங்க, இங்க வந்து பாருங்களேன்," என்பாள் மனைவி, காலையில் டீ டம்ளரோடு. "நேத்தைக்கு இன்னிக்கு எவ்ளோ நீண்டிருக்கு. எவ்ளோ அழகா வளையுது. அந்தப் புள்ள கையில ஏதோ இருக்குங்க."

"நானும் அதையேதான் கட்டறேன்."

"கட்டறீங்க. இல்லேன்னா சொன்னேன். இங்கேர்ந்து தெரியலையே."

"வெளில போய் அண்ணாந்து பாக்கறது."

"பாத்தேனே. அடிப்பக்கம்தான் தெரியுது. கறுப்பா, கம்பி கம்பியா, எண்ணெய் வேற சொட்டுது. துணி காயப்போட முடியலை."

மேஸ்திரி அன்று வேலை முடிந்து வரும்போது கடைவீதிக்குப் போய் கனமான பச்சைத் திரைச்சீலை ஒன்று வாங்கி வந்தார். வெயில் கண்ணைக் கூசுகிறது என்று காரணம் சொல்லி ஜன்னலில் மாட்டினார். மறுநாள் காலை அது நடுவில் ஒரு கயிற்றால் இடுப்பு கட்டப்பட்டு ஓரமாக ஒதுங்கி நின்றது.

"உங்களுக்கு அக்கரை மேலதான் அக்கறை," என்றாள் மனைவி. "என்மேல இல்ல."

சைட் ஆபீஸில் டெலிபோன் போர்டு பார்க்கிற வேலை அவளுக்கு. ஒரே நாளில் நூறு பேருடன் பேசுகிறவளிடம் வாயைக் கொடுத்து ஜெயிக்க முடியாது. மேஸ்திரி டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

*

ஞாயிற்றுக்கிழமை சகலையும் மைத்துனியும் படகில் வந்தார்கள். வந்தவன் நேராகப் போய் மேஸ்திரியின் நாற்காலியில் உட்கார்ந்தான். வீட்டில் நாலு நாற்காலி உண்டு. அவனுக்கு அதுதான் கண்ணில் பட்டது.

"அக்கா, உங்களுக்கு ஒண்ணு கொண்டுவந்தேன்," என்று தோல் உறையிலிருந்து எதையோ உருவினான். பைனாகுலர். "இதுல பாத்தா நான் மேல நின்னு மூக்கைச் சொறியறதுகூடத் தெரியும்."

மனைவி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பில்லை. கையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பை மேஸ்திரி கடைசியாக எப்போது கேட்டார் என்று யோசித்துப் பார்த்தார். தண்ணீர் குழாய் உடைந்து அவர் மேல் பீய்ச்சியடித்த அன்று.

"எதுக்குத் தம்பி வீண் செலவு," என்றார்.

"செலவென்ன அண்ணே. நம்ம ஆளுங்க நம்மளைப் பாக்கறதுக்குத்தானே."

நம்மளை என்றானா, என்னை என்றானா? சாப்பாடு முழுக்க மேஸ்திரி அந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருந்தார். மைத்துனி அவரையே பார்த்துக்கொண்டிருந்ததோ, "அத்தான், உங்க பக்கம் நடுவுல ஒரு சிவப்பு விளக்கு போட்டிருக்கீங்களே, அது எதுக்கு?" என்று ஆசையாகக் கேட்டதோ அவர் மண்டையில் ஏறவில்லை. "விமானத்துக்கு," என்று சொல்லிவிட்டுக் கைகழுவப் போனார்.

*

செவ்வாய்க்கிழமை தலைமை இன்ஜினியர் இரண்டு கரை ஆட்களையும் சைட் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். எல்லாருக்கும் அவர் மேடம். மேடம் என்றால் ஆற்றுக்குள் இருக்கிற மீனும் நின்று கேட்கும், அப்படியொரு குரல்.

"நாளைக்குக் காலைல ரெண்டு பாதியையும் சேத்து மூடறோம். வெயில் ஏறினா இரும்பு நீண்டுடும், அதனால பனி மூட்டம் இருக்கும்போதே முடிச்சாகணும். நாளைக்கு விட்டா வேற நாள் இல்ல. சாயங்காலம் பெருங்காத்து வருதுன்னு வானிலை ஆபீஸ் சொல்லுது. ரெண்டு பாதியும் தனித்தனியா நின்னா அந்தக் காத்தைத் தாங்குமான்னு சோதிச்சுப் பாக்க எனக்கு ஆசை இல்ல."

முறை எளிது. மேடம் இக்கரைப் பாதியின் நுனியில் நிற்பார். "ஒரு சுத்து" என்று போனில் சொல்வார். போர்டிலிருந்து அது இரண்டு குழிக்கும் போகும். இரண்டு மேஸ்திரியும் விசில் ஊதுவார்கள். ஒரு விசிலுக்கு ஒரு சுற்று. குழிக்குள் ஆட்கள் நட்டைத் திருப்புவார்கள். "விட்டாச்சு" என்று இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வரவேண்டும். இரண்டு தலையும் சமமாகத் தாழ்ந்து தாழ்ந்து நடுவில் தொடும். தொட்டதும், ஆள் தொடை கனத்துக்கு ஒரு பின்னை, அதாவது இரும்பு முளையை, நடுவில் செருகி அடித்தால் முடிந்தது.

"பின்னை யார் அடிப்பாங்க மேடம்?" சகலைதான் கேட்டான்.

"யார் அடிச்சா என்ன?"

இரண்டு கரை ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் கிரேன் டிரைவர் மட்டும் வாயைப் பிளந்து நீளமாக ஒரு கொட்டாவி விட்டான். அவனுக்குப் பெயரே கொட்டாவிதான். நூறு அடி உயரத்தில் தூண் தொங்கும்போதும் விடுவான்.

"பேப்பர்காரங்க படம் எடுப்பாங்க மேடம்," என்றார் மேஸ்திரி. "திறப்பு விழா அன்னிக்கு அந்த ஆள்தான் குடும்பத்தோட முதல்ல நடக்கணும்னு பெரிய ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. கடைசியில எந்தப் பக்கம் ஒரு விரல்கடை உசந்து நிக்குதோ, அந்தப் பக்க மேடையிலேர்ந்துதான் சுத்தியலை வீசத் தோது. மிச்சம் இருக்கிற விரல்கடையை அந்தப் பின் தானா இழுத்து மட்டமாக்கிடும். உசந்த பக்கத்து மேஸ்திரி அடிக்கட்டும். போதுமா?"

பேச்சை முடிக்கத்தான் அப்படிச் சொன்னார். எதை ஆரம்பித்து வைத்தார் என்று அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் மேஸ்திரியின் மனக்கண்ணில் ஒரு படம் ஓடிக்கொண்டே இருந்தது. புதுப் பாலம். முதல் ஆளாகச் சகலை நடக்கிறான், பக்கத்தில் மைத்துனி. கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு கூட்டமாக மனைவி நின்று கைதட்டுகிறாள். கையில் பைனாகுலர்.

"என்ன, பல்லைக் கடிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."

"உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. பின் விஷயம்தானே? ஆபீஸ்ல நானும்தான் இருந்தேன்." அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தப் புள்ள அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டுமே. ஒரு விஷயத்துலயாவது இறங்கி வாங்களேன்."

"நான் எதுக்கு இறங்கணும்? எப்பவும் நான்தான் இறங்கணுமா? வேலை வாங்கிக் குடுத்தேன். நாற்காலியை விட்டுக் குடுத்தேன். சிரிப்பைக்கூட..."

"என்ன சிரிப்பு?"

"விளக்கை அணை."

*

புதன்கிழமை விடிந்ததே தெரியாத பனி. ஆற்றைக் காணோம். வளைவைக் காணோம். மேஸ்திரியின் தலைக்கு மேலே கேபிள்கள் பத்தடி தூரம் ஏறி வெள்ளைக்குள் காணாமல் போயின. மேல் நுனியில் மேடமும், கொட்டாவியும், இன்னும் ஏழெட்டு ஆட்களும் சின்ன மரமேடையில் நின்றார்கள். இந்தப் பனியில் தூரத்தைப் பார்க்கிற கருவி எதுவும் உதவாது. டேப்பும் மட்டப்பலகையும் டெலிபோனும்தான் கண்.

மேஸ்திரி குழி வாசலில் தகரக் கொட்டகைக்குள் நின்றார். வலது கையில் ரிசீவர். பல்லிடுக்கில் விசில்.

"ஒரு சுத்து விடுங்க," என்றது மனைவியின் குரல். வேலை நேரத்தில் அவள் குரலில் உறவு இருக்காது.

விசில். குழிக்குள் நட்டைத் திருப்புகிற சாவிகள் முனகின. அவருடைய ஆட்கள் கெட்டிக்காரர்கள். அவரும் வேகம் காட்டியாக வேண்டும். "விட்டாச்சு," என்றார் சட்டென்று.

"இக்கரை விட்டாச்சு," என்று மனைவி மேலே சொல்வது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் "அக்கரை விட்டாச்சு" என்றாள். மேஸ்திரி விசிலோடு சேர்த்துப் புன்னகைத்தார்.

அடுத்த சுற்று, அதற்கடுத்தது. இடைவெளி குறைந்துகொண்டு வந்தது. ஆள் உயரம் இருந்தது, இடுப்பளவாகி, முழங்கால் அளவாகியது. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த ஒரு சுற்று வரும்வரை.

"ஒரு சுத்து விடுங்க."

மேஸ்திரி விசிலை ஊத மூச்சை இழுப்பதற்குள், மனைவியின் குரல்: "அக்கரை விட்டாச்சு."

இழுத்த மூச்சு நெஞ்சிலேயே நின்றது. அதற்குள்ளாகவா? நட்டைத் தொட்டிருக்கக்கூட நேரமில்லை. திருட்டுப் பயல். விடாமலே விட்டாச்சு என்கிறான். தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு நிற்கிறான். கடைசியில் சுத்தியல் அவன் கைக்குப் போகும்.

பல்லிடுக்கில் இருந்த விசிலை நாக்கால் ஓரமாகத் தள்ளினார்.

"விட்டாச்சு," என்றார்.

குழிக்குள் ஆட்கள் சாவியைப் பிடித்தபடி விசிலுக்காகக் காத்திருந்தார்கள். விசில் வரவில்லை. எவன் கேட்கப் போகிறான்? பனிக்குள் கேபிள் ஒரு இம்மிகூட அசையவில்லை.

மீதி இருந்த சுற்றுகளில் இன்னும் இரண்டு தடவை அதேபோல் நடந்தது. மூன்று விசில் அவர் வாய்க்குள்ளேயே செத்துப்போனது.

கடைசிச் சுற்றும் முடிந்தது.

"மேஸ்திரி," என்றாள் மனைவி. "சொன்ன சுத்து எல்லாம் விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"மேல இன்னும் ஒரு சாண் பாக்கி இருக்காம். தொடலை. மேடம் டேப்பை வச்சுத் திரும்பத் திரும்பப் பாக்கறாங்க."

மேஸ்திரியின் வயிற்றுக்குள் குளிர்ச்சியாக ஏதோ இறங்கியது. பயம் என்று நினைக்காதீர்கள். சந்தோஷம். மாட்டினான். அக்கரையில்தான் கோளாறு என்று மேடம் கண்டுபிடித்துவிடுவார். அந்தப் பேராசைக்காரன் மூன்றோடா நிறுத்தியிருப்பான்? உயர்ந்து நிற்கிற பக்கம் எது என்று பார்த்தாலே போதுமே.

"எந்தப் பக்கம் உசந்திருக்காம்?" என்றார், குரலில் தேன் ஒழுக.

"எந்தப் பக்கமும் இல்ல. மட்டப்பலகை வச்சுப் பாத்துட்டாங்க. ரெண்டும் நூல் பிடிச்ச மாதிரி சமமா நிக்குதாம்."

சமமா?

அவர் மூன்று சுற்று விடவில்லை. அப்படியென்றால் இக்கரை உயர்ந்து நிற்கவேண்டும். சமமாக இருக்கிறதென்றால் அக்கரையும் மூன்று விடவில்லை. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்தப் பயல் ஏமாற்றுவதில்கூடத் தன்னோடு சரிசமமாக வந்து நிற்கிறான் என்று மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சொல்லிக்கொடுத்துவிடலாம். இப்போதே, இந்த ரிசீவரிலேயே. ஆனால் எப்படிச் சொல்வது? அவன் திருடன் என்று நிரூபிக்க அவரிடம் இருந்த ஒரே சாட்சி அவருடைய சொந்தத் திருட்டு.

"ரெண்டு பக்கமும் சமமா இருக்கறதால கேபிள்ல தப்பில்லைன்னு மேடம் சொல்லிட்டாங்க," மனைவி தொடர்ந்தாள். "அடியில வளைவோட கால்தான் இறுகிப் பிடிச்சுக்கிட்டு நிக்குதாம். நேரம் இல்ல. ரெண்டு நுனியையும் சங்கிலி போட்டு இழுக்கச் சொல்லிட்டாங்க. லைனை வைக்கிறேன்."

லைன் செத்தது.

மேஸ்திரி ரிசீவரைப் பிடித்தபடி நின்றார்.

சங்கிலி. நுனியில் மேடைக்கு மேலே, இடைவெளிக்குக் குறுக்கே சங்கிலியை மாட்டி, கப்பி கட்டி, ஆட்கள் இழுப்பார்கள். முன்னாலிருந்து அவர்கள் இழுக்க, பின்னாலிருந்து விடாத கேபிள்கள் இழுக்கும். கரைக்கு மூன்றாக ஆறு சுற்று இறுக்கம். எந்தச் சங்கிலி அதைத் தாங்கும்? அறுந்தால் அது சும்மா விழாது. சாட்டையாகச் சுழலும். மேடை அகலம் அவருக்குத் தெரியும். அவரே அளந்து போட்ட மேடை. ஒதுங்க இடம் கிடையாது.

மேலே பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டக்... டக்... டக்... கப்பியின் பல் ஒவ்வொன்றாக ஏறியது. அவர் தலைக்கு மேலே கேபிள் மெல்ல முனக ஆரம்பித்தது. தம்புராவை யாரோ சுருதி கூட்டுகிற மாதிரி முனகல் மேலே மேலே ஏறியது.

டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினார். பதில் இல்லை. மறுபடி சுற்றினார். போர்டில் வேறு லைன் ஓடிக்கொண்டிருந்தது.

விசிலை ஊதி மூன்று சுற்றையும் இப்போதே விட்டுவிட்டால்? யாருக்கும் தெரியாது. ஊதப் போனவர் நிறுத்தினார். சங்கிலி இறுகியிருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் தொய்ந்தால் இந்தப் பாதி பக்கவாட்டில் திமிறும். மேடையில் நிற்கிறவர்கள் தூசி மாதிரி உதிர்வார்கள். சின்ன மகளுக்குப் பல் முளைத்ததென்று கொட்டாவி போன வாரம்தான் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்தான்.

டக்... டக்...

"எடு," என்றார் மேஸ்திரி வெறும் ரிசீவரிடம். "எடு, தாயே, எடு." கைப்பிடி கழன்றுவிடும் போலச் சுற்றினார்.

"போர்டு," என்றது குரல்.

"நான்தான். நான் மூணு சுத்து விடலை. விட்டாச்சுன்னு பொய் சொன்னேன். சங்கிலியை நிறுத்தச் சொல்லு. மூணு சுத்து, நான்..."

"நிறுத்தியாச்சு."

டக் சத்தம் நின்றிருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"அக்கரைலேர்ந்து இப்பத்தான் சொன்னார்," என்றாள் மனைவி. குரலில் இப்போது உறவு இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. "அவர் மூணு விடலையாம். அவர் மூணுன்னா, சமமா நிக்கணும்னா, நீங்க எத்தனைன்னு எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? மேடத்துக்கிட்ட ரெண்டையும் சேத்தே சொல்லிட்டேன்."

மேஸ்திரி கேபிளை நிமிர்ந்து பார்த்தார். மேடையில் எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மனசு அதை நினைத்து நன்றி சொல்லவேண்டிய அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியது வேறு.

முந்திவிட்டான். ஒப்புக்கொள்வதிலும் முந்திவிட்டான்.

"எவ்ளோ நேரம் முந்தி சொன்னான்?" என்று கேட்டார்.

ஒரு கிளிக் சத்தம். மனைவி இரண்டு குழி லைனையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள்.

"அண்ணே?" என்றான் சகலை.

"ம்."

"நீங்களுமா?"

"நீ எதுக்குடா ஆரம்பிச்சே?"

"நானா? நீங்க ஒவ்வொரு தடவையும் நான் விசில் ஊதறதுக்குள்ள விட்டாச்சு, விட்டாச்சுன்னீங்க. மனுஷன் அவ்ளோ சீக்கிரம் நட்டைத் திருப்ப முடியுமா? ஏமாத்தறீங்கன்னு நினைச்சேன்."

"நான் நிஜமாத்தான்டா விட்டேன். என் ஆளுங்க வேகம்."

"எனக்கெப்படித் தெரியும்? ஒரு தடவை நானும் சொல்லிப் பாப்போம்னு சொன்னேன். எனக்கு அந்தப் பின்னை அடிச்சே ஆகணும் அண்ணே. வீட்ல இருக்க முடியலை."

"ஏன், என்ன?"

"காலைல எந்திரிச்சா அத்தான் பாதியைப் பாருங்க, அத்தான் பாதியைப் பாருங்கன்னு ஒரே பாட்டு. எங்க சமையக்கட்டு ஜன்னல்ல உங்க பாதிதான் தெரியுது. என்னது கூரை மேல இருக்கு, கண்ணுக்கே தெரியாது. ராத்திரி அந்தச் சிவப்பு விளக்கை வேற பாத்துக்கிட்டு நிக்கறா. பைனாகுலரே அவ ஆசைப்பட்டுத்தான் வாங்கினது. ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னான், இன்னொண்ணை அக்காவுக்குக் குடுத்தேன்."

மேஸ்திரிக்கு எதிரே கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்ததுபோல் இருந்தது. அது அவ்வளவு அழகான முகமாக இல்லை.

"ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சா?" லைனில் மூன்றாவதாக ஒரு குரல். மேடம். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "சங்கிலியைக் கழட்டியாச்சு. இப்ப மூணு சுத்து. நான் சொல்லமாட்டேன். நீங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டு இறங்குங்க. லைனை யாரும் வைக்கக் கூடாது."

ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு பேர் ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார்கள்.

"இறங்கறேன் தம்பி."

"நானும் இறங்கறேன் அண்ணே."

இரண்டு விசிலும் ஒரே சமயத்தில் கேட்டன, ஒன்று காதோரம், ஒன்று கம்பிக்குள். சாவிகள் முனகின.

"இறங்கியாச்சு."

"இறங்கியாச்சு அண்ணே."

மூன்றாவது சுற்று முடிந்தபோது நிலம் லேசாக அதிர்ந்தது. மேலே பனிக்குள் இரும்பு இரும்பைத் தொட்டது. கேபிள்களின் முனகல் இறங்கி இறங்கி ஓய்ந்தது. குழிக்குள் ஆட்கள் சாவியைக் கீழே போட்டுவிட்டு ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"மேடம், நான் மேல வரட்டுமா?" என்றார் மேஸ்திரி.

"நானும்..." என்றான் சகலை.

"ரெண்டு பேரும் குழியை விட்டு ஒரு அடி நகரக் கூடாது," என்றார் மேடம். "எந்தப் பக்கமும் உசரமா இல்ல. அதனால அந்தப் பேச்சும் இல்ல. என் பக்கத்துல யார் நிக்கறாங்களோ அவங்க அடிப்பாங்க. யாருப்பா அது? நீயா? சுத்தியலை எடு."

டெலிபோனுக்குள் தூரத்தில் யாரோ கொட்டாவி விடுகிற சத்தம் கேட்டது. பிறகு அடி. நுனியில் அடித்த அடி இரும்பு வழியாக ஓடிவந்து மேஸ்திரியின் செருப்புக்கடியில் வந்து நின்றது. அவர் அடிக்க வேண்டிய அடி.

காற்று சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு வந்தது. கூரைத் தகரங்களைப் பிய்த்தது, படகுகளைக் கரையேற்றியது. வளைவு அசையவில்லை.

*

திறப்பு விழா அன்று வெயில் நன்றாக அடித்தது. கயிற்றுக்கு இரண்டு பக்கமும் ஊரே திரண்டிருந்தது. பேண்டு வாசித்தார்கள். பேப்பர்காரர்கள் கேமராவை வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தார்கள். அவர்களுக்கு முன்னால், உலகப் புகழ்பெறப் போகிற அந்தப் பாலத்தின் மேல் முதல் ஆளாக நடந்து வந்தான் கொட்டாவி. புது கோட்டு. ஒரு கையில் மனைவி, தோளில் சின்ன மகள்.

மேஸ்திரியும் சகலையும் நடுப் பாலத்தில் கயிற்றுக்குப் பின்னால் தோளோடு தோள் உரச நின்றார்கள். உத்தியோகம் போகவில்லை, அடுத்த பாலம் வரைக்கும் மேடம் முகம் கொடுத்துப் பேசமாட்டார் என்பதுதான் தண்டனை.

"கோட்டைப் பாத்தியா?" என்றார் மேஸ்திரி உதட்டை அசைக்காமல். "தோள் எங்கயோ தொங்குது. இரவல்."

"பின்னை நேரா அடிக்கலை அண்ணே. நான் நேத்து மேல போய்ப் பாத்தேன். தலையில ரெண்டு வடு இருக்கு. சுத்தியல் நழுவியிருக்கு."

"ரெண்டா? நான் பாத்தேன். மூணு."

"ஒரு சின்ன அடிக்கு மூணு தடவை நழுவ விட்டிருக்கான். நம்ம ரெண்டு பேர்ல யாராவது அடிச்சிருந்தா..."

"நீ அடிச்சிருந்தாகூடப் பரவால்லடா," என்றார் மேஸ்திரி. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார்.

சகலை திரும்பி அவரைப் பார்த்தான். "நிஜமாவா அண்ணே?"

"பேச்சுக்குச் சொன்னேன்."

கொட்டாவி அவர்கள் நேருக்கு வந்தான். கேமராக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வெளிச்சம் அடித்தன. சரியாக அந்த நொடியில் அவனுக்கு வந்துவிட்டது. வாயை முழுசாகப் பிளந்து, கண்ணை இறுக மூடி, நீளமாக ஒன்றை விட்டான். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. பின்னால் நின்ற மனைவியும் மைத்துனியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேஸ்திரியின் மனைவி தலைக்குக் கை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

மேஸ்திரியின் காது சிவந்தது. பக்கத்தில் பார்த்தார். சகலையின் காதும் அதே சிவப்பு.

"என்னங்க," என்று முதுகில் ஒரு விரல் குத்தியது. "ரெண்டு பேரும் கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க. அவரு தெரியலை."